ரெய்னோ மடிக்காமல் விட்ட சீப்பு

ரெய்னோ கோர்பேலா இறந்து சரியாக ஓராண்டு ஆன அன்று காலையில், அவன் சுவர் எழுப்பிய பத்தொன்பது வீடுகளும் ஒரு தேவாலயமும் பதினாறு அங்குலம் நீண்டிருந்தன. 1962 டிசம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில்தான் முதலில் தெரிந்தது. எப்போதும் சுவரில் முதுகு சாய்த்துத் தூங்கும் கடைசி வரிசைக்காரர்கள் அன்று சாய்ந்தபோது சுவர் அங்கே இல்லை. வீட்டுக்குப் போனவர்கள் ஜன்னல்கள் அகன்று திரைச்சீலைகள் போதாமல் போனதையும், தரைவிரிப்பு முடிந்த இடத்துக்கு அப்பால் புது மரத்தில் ஒரு பட்டை தெரிவதையும் பார்த்தார்கள். மறு ஆண்டும் அதே தேதியில் அதே பதினாறு அங்குலம். மூன்றாம் ஆண்டு முதல் ஹர்யு கிராமத்துப் பெண்கள் திரைக்குத் துணி வாங்கும்போது கூடுதலாகவே வெட்டச் சொன்னார்கள். மாவட்ட அளவையாளர் ஒருவர் நாடாவோடு வந்து எல்லா வீடுகளையும் அளந்தார், பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டார், இரண்டாம் தடவை அளந்தார், பிறகு வரைபடத்தைத் திருத்திக்கொண்டு போய்விட்டார்.

மிச்சிகனின் வடமுனையில், இரும்புச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு மரவேலையில்தான் பின்லாந்துக்காரர்களின் ஹர்யு பிழைத்தது. அங்கே சுவர் என்றால் மரச் சட்டம். தரையில் ஓர் அடிக்கட்டை, மேலே ஒரு மேல்கட்டை, நடுவில் வரிசையாகக் குத்துக்கால்கள். ஒரு காலின் மையத்திலிருந்து அடுத்த காலின் மையத்துக்குப் பதினாறு அங்குலம். இது தப்பினால் மேலே அடிக்கிற பலகையின் விளிம்பு கால்மேல் விழாது, ஆணி காற்றில் இறங்கும். ஆகவே முதலில் அடிக்கட்டை நெடுக அளந்து பென்சிலால் கோடு போடுவார்கள். கோட்டின் எந்தப் பக்கம் கால் நிற்க வேண்டுமோ அந்தப் பக்கம் ஒரு பெருக்கல் குறி. ரெய்னோ நல்ல தச்சன். ஆனால் பத்துக் குறிக்கு ஒரு குறியைத் தப்பான பக்கம் போடுவான். அவனுடைய கூட்டாளி ஆர்வோ லாஹ்தி பின்னாலேயே வந்து, கட்டைவிரலை நாக்கில் நனைத்து அதை அழித்துவிட்டு மாற்றிப் போடுவார்.

"ஏண்டா, உனக்கு வலது கை எது, இடது கை எதுன்னு உங்கம்மா சொல்லித் தரவே இல்லையா?"

"சொன்னாங்க அண்ணே. அப்ப அவங்க என்னைப் பார்த்து நின்னுக்கிட்டு சொன்னாங்க."

இருபது வருடம் இந்த ஒரே பேச்சைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய்த்தான் ரெய்னோ அந்தச் சீப்பைச் செய்தான். மேப்பிள் மரத்தில் ஒரு நீளக் கோல். அதில் பித்தளை முளையில் மடங்குகிற நான்கு கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு குத்துக்காலைக் கவ்வுகிற வாய். கோலின் அடியில் இருந்த திருகைத் தளர்த்தினால் கைகளைப் பன்னிரண்டுக்கோ பதினாறுக்கோ இருபத்துநான்குக்கோ நகர்த்திக்கொள்ளலாம், வேலை முடிந்தால் மடித்தும் வைக்கலாம். விரித்துக் கவ்வவிட்டால் குறி எந்தப் பக்கம் இருந்தாலும் கால் சரியான இடத்தில்தான் நிற்கும். ஊர்க்காரர்கள் அதற்குச் சீப்பு என்று பெயர் வைத்தார்கள். ஆனாலும் ஆர்வோ விடவில்லை, சீப்பு இருந்தாலும் பென்சில் குறி போட்டே ஆக வேண்டும் என்றார். ரெய்னோவும் போட்டான், பத்துக்கு ஒன்றைத் தப்பாக.

இறந்த அன்று அவன் தன் சொந்த வீட்டுக்கு ஓர் அறை சேர்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் பின்னால் பழைய சுரங்கக் குழி, நாற்பது வருடமாகத் தண்ணீர் நிரம்பி ஏரியாகிவிட்டது. கரையிலிருந்து ஓர் எட்டு வைத்தாலே அடி தெரியாத ஆழம். அறையின் பக்கச் சுவர் ஏரியைப் பார்த்து நீண்டது, அதன் நுனிக்கும் கரைக்கும் நடுவில் எட்டு அடி இருந்தது. சீப்பு கடைசி நான்கு கால்களைக் கவ்வியிருந்தது. குழாய் உறைந்துவிட்ட காலை. அவன் மனைவி ஹில்யா சமையலறையிலிருந்து, காபிக்குத் தண்ணீர் இல்லை என்றாள். அவன் வாளியையும் கோடரியையும் எடுத்தான்.

"சீப்பை மடிச்சு வெச்சுடாத. பத்து நிமிஷத்துல வந்து மிச்சத்தை முடிக்கிறேன்."

"உன் சீப்பை யாரு தொட்டா? தண்ணியை முதல்ல கொண்டா."

அவன் பனிக்கட்டியில் துளை வெட்டிய இடத்தில் அடியில் ஊற்று இருந்திருக்கிறது, அங்கே உறைந்தது விரல் கனம்தான், காலடியில் உடைந்துவிட்டது. அவனும் கிடைக்கவில்லை, வாளியும் கிடைக்கவில்லை. வசந்தத்தில் முக்குளிப்பவர்கள் மூன்று நாள் இறங்கித் தேடிவிட்டு, குழிக்கு அடி இல்லை என்று சொல்லிப் போனார்கள். காலிச் சவப்பெட்டியைப் புதைக்க ஹில்யா சம்மதிக்கவில்லை.

ஹர்யுவில் ஒரு தச்சன் இறந்தால் அவனுடைய கூட்டாளி வந்து அளவுகோல், கத்தி, மட்டம் எல்லாவற்றையும் மடித்துப் பெட்டியில் வைத்து மூடியில் ஆணி அடிப்பான். அதன் பிறகுதான் இறந்தவனுக்கு வேலை முடிந்தது என்று பொருள். ஆர்வோவும் வந்தார். மற்ற எல்லாவற்றையும் மடிக்க விட்ட ஹில்யா, சீப்பைத் தொட விடவில்லை. மடிக்காதே என்பதுதான் அவன் கடைசியாக அவளிடம் கேட்டது. தண்ணீர் கேட்டு அவனை அனுப்பியது அவள். அவன் கேட்ட அந்த ஒன்றையாவது அவள் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இப்படித்தான் சீப்பு விரிந்தபடியே நின்றது, வீடுகள் நீண்டன. ஹில்யாவின் அரைகுறைச் சுவரும் ஆண்டுக்கொரு குத்துக்கால் நீண்டது. ஒவ்வொரு டிசம்பர் ஒன்பது காலையிலும் புதுக் கால் ஒன்று பிசின் மணத்தோடு நிற்கும், அதன் காலடியில் பென்சில் கோடு ஒன்று இருக்கும், சீப்பு ஒரு கால் முன்னேறிக் கவ்வியிருக்கும். சுவர் போகிற திசையில் கயிறு பிடித்து அளந்த ஹில்யா, அவன் விழுந்த துளை பதினெட்டடி எட்டு அங்குலத்தில் இருப்பதைக் கண்டாள். பதினான்கு கால்கள். அவள் யாரிடமும் சொல்லாமல் காத்திருந்தாள். ஆறாம் ஆண்டு சுவர் கரையைத் தொட்டது. ஏழாம் கால் தண்ணீருக்கு மேல், கீழே எதுவும் தாங்காமல் நின்றது. அளவையாளர் அதையும் வரைந்துகொண்டார்.

தேவாலயம் கல்லறைகளைப் பார்த்து நீண்டதுதான் சிக்கல். முதல் வரிசையில் இருந்த ஒரே கல்லறை ஆர்வோவின் மனைவி சைமாவுடையது. சுவருக்கும் அதற்கும் முன்பு பன்னிரண்டடி இருந்தது. 1970இல் பதினாறு அங்குலம் மிச்சமிருந்தது. அந்தச் செப்டம்பரில் ஆர்வோ, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு, ஹில்யாவின் வாசலில் வந்து நின்றார். காபி ஊற்றினாள். அவர் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு முழுக் கோப்பையையும் குடித்து முடித்தார்.

"ஹில்யா, டிசம்பர்ல அந்தச் சுவர் சைமா மேல ஏறும்."

"தெரியும் அண்ணே."

"ஒன்பது வருஷம் வாயைத் திறக்கல நான். ஊரே சொல்லுச்சு, போய் மடிச்சுட்டு வாய்யான்னு. ஜன்னலுக்குத் துணி தைக்கிற கழுதைங்களுக்காக நான் வரல. இப்ப எனக்காக வந்திருக்கேன்."

"இன்னும் ஆறு கால்தான். துளைகிட்ட போயிடும்."

"போயி? அங்க என்ன இருக்கு?"

"தெரியாது."

"எனக்கு இருக்கிறது ஒரு கல்லறை. உனக்கு அதுகூட இல்லைன்னு எனக்குத் தெரியாமலா? ஆனா மடிக்கிற உரிமை என்னுது."

உரிமை அவருடையதுதான். ஹில்யா மறுக்கவில்லை, துடுப்பை எடுத்துக் கொடுத்தாள். படகில் இருவரும் சுவரோரமாகப் போனார்கள். தண்ணீருக்கு மேல் வந்திருந்த கடைசி இரண்டு கால்களும் அவர்களுக்கு மேலே நின்றன, அவற்றின் இடைவெளியில் எதிர்க்கரைப் பிர்ச் மரங்கள் மஞ்சளாகத் தெரிந்தன. ஆர்வோ எழுந்து நின்று அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, சீப்பின் திருகில் கை வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

சரியாகப் போட்ட குறி வெளியே தெரியாது, குத்துக்கால் அதன் மேலேயே நின்று மறைத்துவிடும். தப்பான பக்கம் போட்டதுதான் வெளியே கிடக்கும். எட்டாம் காலின் அருகில், கோட்டுக்கு இந்தப் பக்கம், வெறும் மரத்தில் ஒரு பெருக்கல் குறி கிடந்தது. ரெய்னோ எப்போதும் போடுகிற, ஒரு வால் மட்டும் கொக்கிபோல வளைந்த குறி. ஹில்யா அதைப் போன டிசம்பரிலேயே பார்த்திருந்தாள், அழுக்கு என்று நினைத்திருந்தாள். எட்டு ஆண்டுகளாக ஊர் இதைச் சாபம் என்றது, பாதிரியார் சோதனை என்றார். இது ரெய்னோ இன்னும் செய்துகொண்டிருக்கிற வேலை என்பது ஆர்வோ ஒருவருக்கே தெரியக்கூடியதாக இருந்தது.

"அடக் கழுத," என்றார் அவர் மரத்தைப் பார்த்து. "அங்க போயும் திருந்தலையாடா நீ?"

கட்டைவிரலை நாக்கில் நனைத்து அந்தக் குறியை அழித்தார். கால் சரியான இடத்தில்தான் நின்றது, ஆகவே மாற்றிப் போட இடமில்லை. திருகிலிருந்து கையை எடுத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தார். திரும்பும்போது ஹில்யாதான் துடுப்புப் போட்டாள்.

அக்டோபரில், மண் உறைவதற்கு முன், ஆர்வோ சைமாவைத் தோண்டி எடுத்துக் குன்றின் மேல் வரிசைக்கு மாற்றினார். பாதிரியார் கூடாது என்றார். ஆர்வோ, அப்படியானால் தேவாலயத்தை நகர்த்தித் தாருங்கள் என்றார். பெட்டியின் ஒரு முனையை அவரும் மறுமுனையை ஹில்யாவும் தூக்கினார்கள். எட்டு ஆண்டு சுவரைத் தடுக்காமல் விட்டவளின் கை அது என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள். குழியை மூடி முடித்ததும் ஆர்வோ, பெட்டி கனமாகவே இல்லை, சைமா உயிரோடு இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள் என்றார். டிசம்பரில் தேவாலயச் சுவர் வந்து, காலியான அந்த இடத்தின் மேல் ஏறியது. அதன் பிறகு சீப்பை மடிக்கச் சொல்லி யாரும் ஹில்யாவின் வீட்டுக்கு வரவில்லை. ஐந்து குளிர்காலங்கள் போயின. எல்லா வீடுகளும் நீண்டன, பிள்ளைகள் கூடுதல் இடத்தில் வளர்ந்தார்கள்.

1975 டிசம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை. பனிக்கட்டி முழங்கை நீளம் கனத்திருந்தது. எழுபத்தாறு வயது ஆர்வோ ஹில்யாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தார். பதினான்காம் கால், துளை இருந்த இடத்துக்கு நேர் மேலே நின்றது. அதோடு சுவரின் மேல்கட்டை முடிந்திருந்தது, இனி நீள்வதற்கு இல்லை என்பதுபோல நுனி நேராக அறுக்கப்பட்டிருந்தது. பலகை அடித்து மூடுமுன் கடைசிக் காலில் தச்சர்கள் பெயர் எழுதுவது அங்கே வழக்கம், சுவர் முடிந்தால் ஒழிய எழுதமாட்டார்கள். அந்தக் காலின் உட்பக்கம், நெஞ்சுயரத்தில், பென்சிலால் எழுதியிருந்தது: ரெய்னோ கோர்பேலா, 9 டிசம்பர் 1961. அதன் கீழே இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருந்தது.

ஹில்யா தேதியை நெடுநேரம் பார்த்தாள். அவனுக்கு அது அதே சனிக்கிழமையாகவே இருந்திருக்கிறது. அவன் காக்க வைக்கவில்லை, சொன்னபடி பத்து நிமிடத்தில் வந்து மிச்சத்தை முடித்துவிட்டான்.

ஆர்வோ காதிலிருந்து பென்சிலை எடுத்து, கையுறையைக் கழற்றி, விட்ட இடத்தில் தன் பெயரை எழுதினார். தேதி போடப் போனவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மேலே இருந்த தேதியையே எழுதினார். பிறகு சீப்பைக் காட்டினார்.

"நீயே மடி."

"உரிமை உங்களுதுன்னீங்க."

"அவன் உன்கிட்டதானே மடிக்காதன்னான்? அப்ப மடின்னு சொன்னாலும் அது உன்கிட்டதான்."

திருகு பதினான்கு ஆண்டு வெயிலிலும் பனியிலும் இருந்தும் இரண்டு விரலுக்கே தளர்ந்தது. ஹில்யா நான்கு கைகளையும் ஒவ்வொன்றாக மடித்தாள். அதற்குப் பிறகு ஹர்யுவில் எந்த வீடும் நீளவில்லை.

கடைசி இரண்டு கால்களுக்கு நடுவில், பனிக்கட்டியின் மேல், அன்று ரெய்னோ எடுத்துப்போன வாளி இருந்தது. நிறையத் தண்ணீர், உறையாமல். ஆர்வோ தூக்கப் போனார், அவள் விடவில்லை. ஒரு கையில் வாளியும் மறு அக்குளில் சீப்புமாக நடந்து போய், அடுப்பை மூட்டி, காபி போட்டாள். இருவரும் ஏலக்காய் ரொட்டியோடு அதைக் குடித்தார்கள். லேசாக இரும்பு வாடை அடித்தது. குழித் தண்ணீரில் அது எப்போதும் உண்டு.