பேலன்ஸ் என்ற சொல்லுக்குப் பத்து நிமிடம்

"கொஞ்சம் மெதுவாப் பேசுடி. அப்பா தூங்கிண்டிருக்கார்" என்று ஸ்னேகா மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

"மெதுவாத்தானே பேசிக்கினு இருக்கேன்!" என்றாள் காஞ்சனா. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

காஞ்சனாவைச் சொல்லிக் குற்றமில்லை. பொதட்டூர்பேட்டையில் அவள் வீட்டு முன்கட்டில் நான்கு விசைத்தறிகள். கரண்ட் போனால்தான் அவை வாயை மூடும். அந்த வீட்டில் கொஞ்சுவதும் கத்தித்தான், திட்டுவதும் கத்தித்தான். எது எது என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. தறி நின்ற பிறகும் தொண்டைக்கு அது நின்ற சேதி போவதில்லை. பேட்டைக்காரர் பஸ்ஸில் பக்கத்து சீட்டோடு குடும்ப ரகசியம் பேசினால், டிரைவர் திரும்பிப் பார்த்து ஆலோசனை சொல்வார்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் காஞ்சனா. முதல் வாரமே ஒரு பேராசிரியை, "இதென்ன மீன் மார்க்கெட்டா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு மூன்று வருஷம் வகுப்பில் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆன்லைனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஆள் தேவை என்று ஒரு சென்னைக் கம்பெனி விளம்பரம் கொடுத்ததும் விழுந்தடித்து மனுப்போட்டதே, அந்த மூன்று வருஷத்துக்கும் சேர்த்துப் பேசிவிட வேண்டும் என்றுதான்.

முதல் சுற்றை வீட்டிலிருந்தே செய்தாள். நைனா என்று அவள் கூப்பிடும் அப்பா பரந்தாமன் நான்கு தறியையும் நிறுத்திக்கொடுத்தார். பக்கத்து வீட்டுத் தறியை யார் நிறுத்துவது? அதை மீறிக் கத்தினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. 'கன்டென்ட் நன்று. குரலில் பேலன்ஸ் இல்லை. இன்னொரு வாய்ப்பு தருகிறோம்.' அதற்குக் கீழே இரண்டாம் சுற்றுக்கான சொல். பேலன்ஸ். எட்டாம் வகுப்புக்கு அதன் பொருள், இணைச்சொற்கள், உதாரணம். பத்து நிமிடம்.

"வேணும்னே குடுத்துக்கிறான் பாரு!" என்று அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் தறியே ஒரு நிமிஷம் அடங்கினாற்போல் இருந்தது.

அதனால்தான் திருத்தணிக்கு, கல்லூரித் தோழி ஸ்னேகாவின் வீட்டுக்கு வந்திருந்தாள். நிசப்தமான வீடு. நிசப்தத்துக்குக் காரணம் ஸ்னேகாவின் அப்பா சாமிநாதன். மலைக்கோயில் மடைப்பள்ளியில் அவருக்கு வேலை. இருட்டோடு மலையேறி அடுப்பு மூட்டுகிறவர் மத்தியானம் இறங்கி வந்து அடுத்த அறையில் தூங்குவார். அவர் தூங்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தது காஞ்சனாவின் பத்து நிமிடம்.

"நான்தான் ஸ்டூடன்ட். ஒரு தடவை சொல்லிக் காட்டு" என்றாள் ஸ்னேகா.

காஞ்சனா தொண்டையைப் பிடித்துக்கொண்டு, காதோடு காதாகச் சொல்வதுபோல ஆரம்பித்தாள். பேலன்ஸ் என்றால் சமநிலை. கீழே விழாமல் நிற்பது. ஈக்விலிப்ரியம், ஸ்டெபிலிட்டி, ஸ்டெடினஸ். மனசு ஆடாமல் இருந்தால் பாய்ஸ், நிதானம். தராசையும் அப்படிச் சொல்வதுண்டு. பேங்கில் மிச்சம் இருப்பதும் அதுதான். சொல்லச் சொல்ல அவளுக்கே கொட்டாவி வந்தது.

"எப்படி?"

ஸ்னேகா மூக்கைச் சொறிந்தாள். "தப்பே இல்ல. ஆனா எங்க ஆத்து ரேடியோல செய்தி வாசிக்கற மாதிரி இருக்கு. நீ பேசற மாதிரி இல்லடி."

"நான் பேசற மாதிரி இருந்தா வேணாம்ங்குறானுங்க. நான் பேசற மாதிரி இல்லன்னா நீ வேணாம்ங்குற. போங்கடி!"

அடுத்த அறையில் இருமல் கேட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

போனில் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் இரண்டு முகங்கள். தேர்வுத் தலைவர் ஹரிஹரன், ஆசிரியை தேவிப்பிரியா. தேவிப்பிரியாதான் இன்றைக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளையாம்.

காஞ்சனா ரேடியோ குரலில் தொடங்கினாள். அவள் எழுதி அனுப்பியிருந்த இணைச்சொற்கள் திரையின் ஒரு பக்கம் வரிசையாக நின்றன. ஹரிஹரன் தலையாட்டினார். தேவிப்பிரியா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். பிறகு கையைத் தூக்கினார்.

"மிஸ், ஒரு டவுட். ரெண்டு பக்கமும் ஈக்வலா இருந்தாத்தான் பேலன்ஸா?"

காஞ்சனா சட்டென்று நிமிர்ந்தாள். ரேடியோ போயிற்று. பேட்டை வந்தது.

"இல்ல! யாரு சொன்னது? எங்க நைனா மொபெட்ல ரெண்டு பக்கமும் லுங்கி பண்டல் கட்டிக்கினு கடை கடையாப் போவாரு. ஒரு பண்டல எறக்கிட்டாருன்னு வச்சிக்கோ. இப்ப ஒரு பக்கம் பாரம், ஒரு பக்கம் காலி. வண்டி சாயுமா, சாயாதா?"

"சாயும் மிஸ்."

"சாயாது! ஏன்னா நைனா உடம்ப காலிப் பக்கம் சாச்சிக்கினு ஓட்டுவாரு. போதலன்னா என்னையும் அந்தப் பக்கம் தொங்கச் சொல்லுவாரு. ரெண்டு பக்கமும் ஈக்வலா? இல்ல. வண்டி நிக்குதா? நிக்குது. ஈக்வல் வேற, பேலன்ஸ் வேற. பேலன்ஸுன்றது சும்மா இருக்கறது இல்ல, விழாம இருக்கறதுக்கு ஒவ்வொரு நிமிஷமும் எதனா பண்ணிக்கினே இருக்கறது. இன்னொரு வாட்டி கேளு, ஈக்வலா இல்லன்னா என்ன பண்ணுவே?"

"சாஞ்சுக்குவேன் மிஸ்!" என்று தேவிப்பிரியாவும் கத்தினார்.

நிலைப்படியில் நின்ற ஸ்னேகா இரண்டு கையையும் கீழே கீழே அமுக்கிக் காட்டினாள். காஞ்சனா பார்த்தாள். குரல் இறங்க மறுத்தது.

ஹரிஹரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காஞ்சனா, உதாரணம் பிரமாதம். ஆனா போன தடவை என்ன சொன்னோமோ அதேதான். சொல்லிக்குடுக்கற வார்த்தையே பேலன்ஸ். அது உங்க வாய்ஸ்ல வரணும்மா. ஒண்ணு பண்ணுங்க. கன்டென்ட் டீம்ல இடம் இருக்கு. பாடத்த நீங்க எழுதுங்க. பேச வேற ஆள் பாத்துக்கறோம்."

"எங்க நைனா மொபெட்ட வேற யாரோ பேசுவாங்களா?"

"சாஃப்ட் வாய்ஸ் நிறைய இருக்கு. இப்பவே சொல்லிட்டா நல்லது, அடுத்த கேண்டிடேட் வெயிட்டிங்."

மீன் மார்க்கெட் என்று சிரித்த வகுப்பு அவள் கண்ணுக்குள் வந்து போயிற்று. வீட்டில் காட்டுவதற்கு ஒரு வேலை கிடைத்துவிடும். வாயைத் திறக்காத வேலை.

"சார், லிஸ்ட் உங்க எதிர்லயே இருக்குது. ஸ்டெபிலிட்டி, ஸ்டெடினஸ், பாய்ஸ். நடுவுல எங்கனா தடுமாறினேனா? மறந்தேனா? பத்து நிமிஷத்துல ஒரு வாட்டி நின்னேனா? சத்தம் போடாம இருக்கறதுன்னு ஒரு வார்த்தைய அந்த லிஸ்ட்ல எனக்குக் காட்டுங்க, நான் கன்டென்ட் டீமுக்குப் போறேன். இல்லன்னா வேணாம் சார். பேசற வேலைக்குத்தான் நான் வந்தேன்."

கதவு திறந்தது. சாமிநாதன் வேட்டியை இறுக்கியபடி கண் சிவக்க நின்றார். "யாருடி அது, ஆத்துக்குள்ள மைக் செட் கட்டினது? மனுஷன் ரெண்டு நாழி கண்ணசரப்படாதா?"

திரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. தேவிப்பிரியா சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். "சார், ஒரு நிமிஷம். லீவு பேட்ச்சுல என் பிள்ளைங்க பாதிப் பேர் அம்மாவோட போன்ல கேக்கறாங்க. டிவி ஓடுது, மிக்ஸி ஓடுது, குழந்தை அழுவுது. 'மிஸ், கேக்கல'ன்னு தினமும் மெசேஜ். இவங்க சொல்றது கேக்கும். மத்தியான பேட்ச்ச குடுத்துப் பாப்போமே."

ஹரிஹரன் பெருமூச்சு விட்டார். "ஒரு வாரம் ட்ரையல். கம்ப்ளெயின்ட் வந்துதுன்னா கன்டென்ட் டீம்தான்."

"வரலன்னா?"

"அப்பப் பாக்கலாம்."

"பாக்கலாம்னா என்னா சார்? பேட்ச் எனக்குன்னு சொல்லுங்க."

"சரிம்மா, உங்களுக்குத்தான். நாளைக்கு மத்தியானம் ஆரம்பிங்க" என்று சொல்லி அவர் சட்டென்று காணாமல் போனார், இன்னும் எதையாவது கேட்டுவிடுவாளோ என்பதுபோல.

காஞ்சனா திரும்பினாள். "மன்னிச்சிக்கோங்க மாமா!"

சாமிநாதன் காதில் விரலை வைத்துக்கொண்டார். "அதையாவது மெதுவாச் சொல்லேன், கொழந்தே. நாளைக்கும் உண்டா இந்தக் கச்சேரி?"

வீட்டில் தறி. இங்கே தூங்கும் மனிதர். மடைப்பள்ளி அடுப்பில் வெந்துவிட்டு வருகிறவர் தூக்கத்தைக் கெடுக்க அவளுக்கும் மனசில்லை. அவருக்கு நியாயமானது தனக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று எரிச்சலாகவும் வந்தது. வேலை ஒரு வாரம் கிடைத்துவிட்டது. உட்கார்ந்து கத்த ஓர் இடமில்லை.

"மொட்டை மாடி இருக்கு" என்றாள் ஸ்னேகா இழுத்தாற்போல. "மே மாச வெயில்டி. தார்ப்பாய் கட்டினாலும் வேகும்."

"சிக்னல் வருமா?"

கேட்டபடியே காஞ்சனா மாடிப்படி ஏறிவிட்டாள். செருப்பு வாசலில் கிடந்தது, அதை எடுக்கவும் பொறுமை இல்லை. மாடித் தரை பாதத்தைச் சுட்டது. ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தூக்கி, அதை ஊன்றி இதைத் தூக்கி, கைப்பிடிச் சுவர் வரைக்கும் போனாள். போனில் சிக்னல் மூன்று கோடு. பின்னாலேயே வந்த ஸ்னேகாவை, நாளைய வகுப்புக்கு ஒத்திகை என்று கீழே தெருமுனை டீக்கடை வரை போய் நிற்கும்படி விரட்டினாள்.

"குட் ஆஃப்டர்நூன் பிள்ளைங்களா! நான் காஞ்சனா மிஸ்! கேக்குதா?"

டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஸ்னேகா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, போதும் போதும் என்று ஆட்டினாள். கேட்கிறது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, காஞ்சனா காலை மாற்றி அடுத்த வரிக்குப் போனாள்.