கூடுதலாக வந்த வெளிச்சம்

அண்ணி துணிகளுக்குப் படம் வரைகிறவள். திரைச்சீலையிலும் படுக்கை விரிப்பிலும் ஓடும் பூவும் கொடியும் அவளுடைய மேசையிலிருந்துதான் ஆலைக்குப் போகும். தெருவில் அவளை டிசைன்காரம்மா என்பார்கள். அண்ணி என்று கூப்பிடுகிறவள் ஒருத்திதான், கணவனின் தங்கை. முப்பத்து நான்கு வயதாகியும் அந்த வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றே பெயர்.

அன்று மதியம் வானம் மூடிக்கிடந்தது. ஒரு மழை பெய்து ஓய்ந்து, இன்னொன்று வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அண்ணி கம்ப்யூட்டரில் ஒரு கடலடியை வரைந்துகொண்டிருந்தாள். பல வாரங்களாக அதே வேலைதான். பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறத்தில் நீள நீளமான இலைகள், அவற்றின் நடுவே கண்ணாடி போன்ற சிறு உயிர்கள், எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. அவள் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதே கிடையாது. கண்ணை மூடினால் அந்த இடம் வந்தது, வந்ததை வரைந்தாள், அவ்வளவுதான்.

திடீரென்று அறைக்குள் வெயில் அடித்தது. மேகம் விலகிவிட்டது என்று நினைத்து ஜன்னலைப் பார்த்தாள். வெளியே அதே மப்பு. வெயில் உள்ளேதான் இருந்தது. சுவரோரத்துக் குண்டு பல்பு மஞ்சளிலிருந்து வெள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தது. மின்விசிறி யாரோ துரத்துவதுபோல் சுற்றியது. மேசைமேல் இருந்த காகிதங்கள் ஒவ்வொன்றாக எழுந்து மிதந்தன. கண்ணாடித் தம்ளரில் இருந்த தண்ணீர்கூடப் பளிச்சிட்டது. எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் அண்ணிக்குத் தோன்றியது. கையை நீட்டி அணைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தபடி இருந்தாள்.

பிறகு மேசைக்கு அடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். பல்பு ஒரு முறை நீலமாகி உடைந்தது. கடல் காணாமல் போனது. மின்விசிறி மட்டும் விஷயம் தெரியாததுபோல் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றது.

தெருவில் கதவுகள் திறந்தன. “எங்க வீட்ல டிவி போச்சு!” “எங்க ஃபிரிட்ஜ்லேர்ந்து புகை வருது!” என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கம்பத்தடியில் நின்ற லைன்மேன், “நியூட்ரல் கம்பி அறுந்து கரண்ட் எகிறியிருக்கு, யாரும் எதையும் போடாதீங்க!” என்று சத்தம் போட்டான். கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து கருகிய மீன் வாடை வந்தது. அண்ணி பட்டனை அமுக்குவதற்குக் குனிந்தாள்.

“அண்ணி, தொடாதீங்க.”

வாசற்படியில் பாப்பா நின்றிருந்தாள்.

அவள் பின் அறையை விட்டு வெளியே வந்து நின்றதே அதிசயம். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு வந்தவள். கணவன் வீட்டிலிருந்து ஏன் வந்தாள் என்று அவள் சொல்லவில்லை. அவளுடைய அண்ணன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருப்பதே அபூர்வம். “கொஞ்ச நாள் தூங்கட்டும், விடு” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டான். பாப்பாவும் சொன்ன சொல் தட்டாமல் தூங்கினாள். பகல், இரவு, மழை, வெயில் எதுவும் அவளுக்குக் கணக்கில்லை. சாப்பாட்டை அறைக்குள் வைத்தால் பாதித் தட்டு திரும்பி வரும். அண்ணிக்கு அவள்மேல் பாவமும் வந்தது, எரிச்சலும் வந்தது. எது எப்போது வரும் என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் ஸ்கேன் இயந்திரங்களைப் பழுது பார்த்த பெண் இவள்தான் என்பதே வீட்டில் மறந்துபோயிருந்தது.

பாப்பா உள்ளே வந்து மண்டியிட்டு மோந்து பார்த்தாள். சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். “பவர் சப்ளை போயிருக்கு. அது மட்டுமா போச்சுன்னு பார்க்கணும்” என்றாள். நான்கு மாதத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

“உனக்கு முடியுமா? கடைக்குத் தூக்கிட்டுப் போயிடட்டுமா?”

பாப்பா எழுந்தாள். அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். மடித்த துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு துணிச்சுருள் வந்தது. அதை விரித்தால் ஸ்க்ரூ டிரைவர்கள், கரண்ட் அளக்கும் ஒரு மீட்டர், சின்ன வெட்டுக்குறடு. அந்த வீட்டை விட்டு வரும்போது பட்டுப்புடவைகளை விட்டுவிட்டு இதை எடுத்து வந்திருக்கிறாளே என்று அண்ணி ஆச்சரியப்பட்டாள்.

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் தூசி சாம்பல் நிறப் பஞ்சுபோல் உதிர்ந்தது. “பூனை ஏதாவது வளர்க்கிறீங்களா உள்ள?” என்றாள் பாப்பா. அண்ணி சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் நின்றாள். மின்சாரம் உள்ளே வரும் பவர் சப்ளை என்ற சதுரப் பெட்டியை பாப்பா தனியே கழற்றி எடுத்து, பிரிக்காமல் ஓரமாக வைத்தாள். “இதைத் திறக்கக் கூடாது. செத்த பிறகும் உள்ள கொஞ்சம் கரண்டைப் பிடிச்சு வச்சிருக்கும்.”

புதியது ஒன்று வாங்கி வர அண்ணி போனாள். தெருமுனைக் கடையில் ஆஸ்பத்திரி வாசல்போல் கூட்டம். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு செத்த பெட்டி. கடைக்காரர் இவளைப் பார்த்ததும், “வாங்க வாங்க, உங்க தெருவே இங்கதான் உட்கார்ந்திருக்கு” என்றார். பவர் சப்ளையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “டிஸ்க் தப்பிச்சிருந்தா உங்க அதிர்ஷ்டம். அதுவும் போயிருந்தா உள்ள இருக்கறதைத் தலைமுழுகிட வேண்டியதுதான்” என்றார்.

அண்ணி பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். கடலடி அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. வேறு எங்கும் ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் தெருவில் தேங்கிய தண்ணீரில் வானம் கிடந்தது. அவள் அதை மிதிக்காமல் ஓரமாக நடந்தாள். இலைகளின் வளைவை நினைவில் கொண்டுவரப் பார்த்தாள். ஒன்று வந்தால் இன்னொன்று நழுவியது. விழித்த பிறகு கனவைத் துரத்துவது போலிருந்தது.

சாயங்காலம் மின்சாரம் வந்தது. பாப்பா நம்பவில்லை. சுவர்ப் பிளக்கின் துளைகளில் மீட்டரின் முனைகளை நுழைத்து, எண் சரியாக நிற்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகுதான் புதிய பவர் சப்ளையை மாட்டி, “அமுக்குங்க” என்றாள்.

அண்ணி அமுக்கினாள். உள்ளே காற்றாடி அரைச்சுற்று துடித்து நின்றது. மறுபடி அமுக்கினாள். அதே துடிப்பு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

“போச்சா?”

“போகலை. பயப்படுது. எங்கேயோ ஷார்ட் இருக்கு, அதனால புதுசு தன்னைத் தானே நிறுத்திக்குது. அது யாருன்னு கண்டுபிடிக்கணும்.”

பாப்பா ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரு வயரைக் கழற்றுவாள், அண்ணி பட்டனை அமுக்குவாள், துடிப்பு வரும், பாப்பா தலையாட்டுவாள். சொல்லிக்கொள்ளாமலே இருவருக்கும் ஒரு தாளம் வந்துவிட்டது. ஜன்னலில் வெளிச்சம் ஊதா நிறமாகி, அறை தண்ணீருக்குள் அமிழ்ந்தது போலானது. கடைசியாக டிஸ்க்கின் வயரைக் கழற்றியதும் காற்றாடி நிற்காமல் சுற்றியது. திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. டிஸ்க்கைக் காணவில்லை என்றன.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அதுலதான் எல்லாம் இருக்கு” என்றாள்.

ஏன் பிரதி எடுக்கவில்லை என்று பாப்பா கேட்கவில்லை. டிஸ்க்கைத் திருப்பி, அடியில் இருந்த பச்சைப் பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மீட்டரின் இரண்டு முனைகளாலும் மெல்ல மெல்லத் தொட்டுக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் மீட்டர் கீச்சிட்டது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டு.

“இதோ. இது காவலுக்கு வச்சது அண்ணி. அளவுக்கு மேல கரண்ட் வந்தா எல்லாத்தையும் தானே வாங்கிக்கும். வாங்கிக்கிச்சு, செத்துப்போச்சு. இப்ப வழியை மறிச்சுக்கிட்டுக் கிடக்கு. இதை எடுத்துட்டா பின்னால இருக்கறது எல்லாம் நல்லா இருக்கலாம்.”

“இருக்கலாமா, இருக்குமா?”

“இருக்கலாம்.”

வெட்டுக்குறடை எடுத்தாள். அப்போதுதான் அண்ணி அவள் விரல்களைக் கவனித்தாள். அவை நடுங்கின. பாப்பா குறடை மறுபடி துணிமேல் வைத்தாள்.

“கடைக்கே கொடுத்துடலாம் அண்ணி. என்னால ஆகாது.”

“ஏன்? இவ்வளவு நேரம் நீதானே எல்லாம் செஞ்சே?”

பாப்பா பலகையைப் பார்த்தபடியே இருந்தாள். “அந்த வீட்ல நான் எதைத் தொட்டாலும் கெட்டுப்போயிடும்னு சொல்வாங்க. மிக்ஸி நின்னா நான். குழாய் ஒழுகினா நான். அவருக்கு வேலை போனதும் என்னாலதான். முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் சண்டை போட்டேன். அப்புறம் நானே எதையும் தொடறதை விட்டுட்டேன். வேலைக்குப் போய் மெஷின் முன்னாடி நின்னா கை இப்படித்தான் ஆடும். வேலையை விட்டே நின்னுட்டேன்.”

அண்ணிக்கு ஆறுதல் வார்த்தைகள் நாலைந்து வாய் வரை வந்தன. எல்லாம் யாரோ யாருக்கோ ஏற்கெனவே சொன்னவைபோல் இருந்தன. அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு பாப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கறுப்புத் துண்டின்மேல் வெளிச்சம் வட்டமாக விழும்படி பிடித்தாள்.

“இது என் கடல். கெட்டா என்னோடது கெடட்டும். நீ வெட்டு.”

“அண்ணி...”

“கை ஆடினா ஆடட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை.”

பாப்பா குறடை மறுபடி எடுத்தாள். குறடின் வாய் துண்டைக் கவ்வியது, நழுவியது, மறுபடி கவ்வியது. அண்ணிக்குத் தோள் வலித்தது. இருந்தும் வெளிச்சத்தை அசைக்கவில்லை. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். கறுப்புத் துண்டு இரண்டாகித் தெறித்து எங்கோ போய் விழுந்தது. பாப்பா மீட்டரை வைத்தாள். அது கீச்சிடவில்லை.

பலகையைத் திரும்பப் பூட்டி வயரைச் சொருகினார்கள். இந்த முறை பட்டனை பாப்பாவே அமுக்கினாள். காற்றாடி சுற்றியது. அதற்கும் கீழே, தூங்கியெழுந்தவர் தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு முனகல், பிறகு சீரான ரீங்காரம். பாப்பா டிஸ்க்கின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். “சுத்துது” என்றாள். அண்ணியின் கையைப் பிடித்து இழுத்து அதன்மேல் வைத்தாள். இளஞ்சூடாக, நுணுக்கமாக, அது அதிர்ந்துகொண்டிருந்தது.

“சந்தோஷமெல்லாம் அப்புறம். இப்ப இதுக்குக் காவல் கிடையாது. முதல்ல எல்லாத்தையும் காப்பி எடுத்துடணும்.” தன் துணிச்சுருளிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினாள். கோப்புகள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின. இருவரும் உடைந்த பல்பை மாற்ற மறந்து, திரையில் பச்சைக் கோடு நீளுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் ஆனதோ, கோடு முடிந்தது. அண்ணி பிரதியைத் திறந்தாள்.

கடலடி வந்தது. அறை முழுக்க நீலம் பரவியது. சுவரில், தரையில் சிதறிக்கிடந்த திருகாணிகளில், பாப்பாவின் கன்னத்தில் இலைகளின் நிறம் படிந்தது. நான்கு மாதமாக அடுத்த அறையில் இருந்தும் அவள் இதைப் பார்த்ததில்லை. திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனாள்.

“இது எந்த இடம் அண்ணி?”

“தெரியலை. கண்ணை மூடினா வருது.”

“எனக்கெல்லாம் கண்ணை மூடினா ஒண்ணுமே வராது. அதனாலதான் மூடிக்கிட்டே இருந்தேன்” என்றாள் பாப்பா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பழக்கம் விட்டுப்போய்ப் பாதியில் இருமலானது. அண்ணி தம்ளரை நீட்டினாள். அவள் மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தாள். “பசிக்குது அண்ணி” என்றாள்.

அண்ணி அவசர அவசரமாக இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். பாப்பா சமையலறை மேடைமேல் ஏறி உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்போது எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து தயங்கி நின்றார். “டிசைன்காரம்மா, உங்க கம்ப்யூட்டர் வெளிச்சம் ஜன்னல்ல தெரிஞ்சுது. யார் சரி பண்ணினாங்க? என் மிஷின் மோட்டார் அசைய மாட்டேங்குது. கடைக்காரர் ஒரு வாரம் ஆகும்கிறார்.”

அண்ணி பாப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அது கட்டாயப்படுத்துவது ஆகிவிடும் என்று அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் பாப்பா மேடையிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. கை கழுவும் சத்தம் கேட்டது.

“சரியாகும்னு சொல்ல மாட்டேன். பார்க்கிறேன், அவ்வளவுதான்” என்றாள் பாப்பா.

“பார்த்தா போதும்மா.”

துணிச்சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நிலையருகே செருப்பைத் தேடினாள். அவளுடைய செருப்பு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணியின் செருப்பை மாட்டிக்கொண்டாள். அது ஒரு விரற்கடை பெரியது. ஈரத் தெருவில் சளப் சளப்பென்று நடந்து போனாள். தையல்காரர் வழி காட்ட முன்னால் ஓடினார்.

அண்ணி ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். எதிர்வீட்டில் பாப்பா குனிந்து எதையோ மோந்து பார்ப்பதும், ஏதோ கேட்பதும், தையல்காரர் மும்முரமாகத் தலையாட்டுவதும் தெரிந்தன. அண்ணி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு திரைக்குத் திரும்பி, பாதியில் நின்றிருந்த ஓர் இலையை வளைக்கத் தொடங்கினாள்.