சுற்றாத உள்குழாய்

ஓரிக்கையில் பாலாற்றங்கரை ஓரமாக நிலக்கரி தேடித் துளை போட்டுக்கொண்டிருந்தோம். முந்நூறு மீட்டர் தாண்டியாச்சு. பூமிக்குள் இருக்கிற கல்லையும் கரியையும் உருளை உருளையாக மேலே எடுத்துப் பார்ப்பதுதான் வேலை. ஆனால் மூன்று மீட்டர் துளைத்தால் ஒரு மீட்டர்தான் கைக்கு வரும். மிச்சம் சுற்றுகிற குழாயில் அரைபட்டுத் தண்ணீரோடு கறுப்பாக ஓடிவிடும். இன்னொரு தடவை இப்படி ஆனால் துளையை மூடிவிடுங்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் நிலவியல் அதிகாரி நாமகிரி மேடம் கேட்டுக் கேட்டு ஒரு புதுக் குழாய் வாங்கினார். குழாய்க்குள் குழாய். வெளியே இருப்பது சுற்றும். உள்ளே இருப்பது சுற்றாது, கல் அதற்குள் பத்திரமாக ஏறிக்கொள்ளும்.

"ஊரே சுத்தினாலும் உள்ள இருக்கிறவன் அசைய மாட்டான். நம்ம மாணிக்கவேல் மாதிரிபா," என்று என்னைக் காட்டிச் சிரித்தார் மெஷின் ஓட்டுகிற கலியன் அண்ணன்.

வேகத்தையும் தண்ணீரையும் குறைத்துக் காலையிலிருந்து இறக்கினோம். மத்தியானம் குழாயோடு ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி இறக்கியிருந்த நூற்றுச் சொச்சம் கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்தோம். கலியன் உள்குழாயை நீளவாக்கில் பிரித்தார். முனைக்கு முனை கல் நிறைந்திருந்தது.

"பெட்டியில வைங்க, மாணிக்கவேல்," என்றார் மேடம். மீட்டர் நீளப் பெட்டி, மூன்று வரிசை. அடுக்கினேன்.

சென்னையிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி ரங்கநாத் குனிந்து பார்த்தார்.

"முதல் வரிசை கரியில முடியுது. ரெண்டாவது மணல்கல்லுல ஆரம்பிக்குது. முனையோட முனை பொருந்தலையே. எது மேல, எது கீழன்னு தெரியாத கல்லை வச்சு என்ன எழுதறது? மூடிடலாம், நாமகிரி."

மேடம் என் பக்கம் திரும்பினார். "எப்படி அடுக்கினீங்க?"

"வரிசையாத்தான்மா. முதல்ல இடமிருந்து வலம். அப்புறம் வலமிருந்து இடம்..."

"நாடா ஓட்டியிருக்கான்பா!" கலியன் தலையில் அடித்துக்கொண்டார்.

பிள்ளையார்பாளையத்தில் இருபது வருஷம் தறியில் குந்தினவன் நான். ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா, போன பக்கத்திலிருந்துதான் திரும்பும். ஒவ்வொரு வரியும் மறுபடி இடப்பக்கம் ஆரம்பிக்கும் என்பது போன வருஷம் அறிவொளி முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது. கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

இரண்டாவது வரிசையைத் திருப்பி வைத்தேன். கரியோடு கரி சேர்ந்தது. உடைந்த முனை உடைந்த முனையில் போய் உட்கார்ந்தது. கடைசித் துண்டுக்கு முந்தினது சாம்பல் நிறக் களிக்கல். எடுக்கும்போதே ஏடாகப் பிரிந்தது.

உள்ளே ஓர் இலை. நடு நரம்பு, கிளை நரம்பு, ஓரத்தில் பூச்சி கடித்த மாதிரி ஒரு குறை.

"இருபத்தஞ்சு கோடி வருஷம் இருக்கும்," மேடத்தின் குரல் இறங்கிவிட்டது. "இதைப் பார்த்த முதல் மனுஷன் நீங்கதான்."

எங்கள் ஊர்ப் பழைய கோயில்கள் எல்லாம் நேற்று கட்டினது போல எனக்குத் தோன்றியது.

ரங்கநாத் சாரும் மண்டியிட்டிருந்தார். "எந்த ஆழம் இது?"

பெட்டி ஆரம்பித்த முந்நூற்றேழு மீட்டரிலிருந்து டேப்பை வைத்து அளந்தேன். "முந்நூத்தி எட்டு மீட்டர் எண்பது, சார்."

"பெட்டியில எழுதுங்க." எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். "கலியன், கம்பியை இறக்குங்க. இன்னும் கீழ போவோம்."

சாக்பீஸ் பிடித்து எழுதினேன். இடப்பக்கத்திலிருந்து.