தொட்டிக்குள் ஒரு கால்

"பாலக் கீழ வைடி. பாஸ்டர் வந்துக்கிட்டு இருக்காரு."

"வரட்டும். அதுக்குள்ள அப்பா போயிட்டா..."

"வாயக் கழுவு! ஞானஸ்நானம் எடுக்காம அவரு எப்படி..."

"எடுக்க மாட்டேன்னு சொன்ன மனுசன்மா. சபை பூராவும் பாத்துக்கிட்டு நிக்கையில சொன்னாரு."

"அவரா சொன்னாரு? நீ கூட்டியாந்த வெள்ளக்காரன் சொன்னான். யாரோ ராசாவாம், கால எடுத்தானாம், இவரும் எடுத்தாராம். ராசாவாம் ராசா! ஆட்டோவுக்கு லைசன் புதுப்பிக்க மறந்துபோற ராசா!"

இரண்டு பேருக்கும் நடுவே கட்டிலில் நல்லையா கிடந்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று காலையிலிருந்து கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. மகள் நிரஞ்சலாவின் கையில் பால் கிண்ணம் இருந்தது. சாகப்போகிறவரின் வாயில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கரண்டி பால் விடுவது தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வழக்கம். கிறிஸ்தவ சபையில் சேர்ந்ததும் நல்லையாவின் மனைவி ரெங்கம்மா அந்த வழக்கங்களை எல்லாம் விட்டுவிட்டாள்.

அந்த ராசாவின் கதை வீட்டுக்குள் வந்தது நிரஞ்சலா வழியாகத்தான். எல்ல என்ற மலையூரில் அவள் வேலை செய்யும் விடுதியில் ஒரு வயசான வெள்ளைக்காரர் தங்கியிருந்தார். நல்லையாவின் ஆட்டோவில்தான் ஊர் சுற்றினார். ஒலாந்துக்காரரா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். "இல்லை, நான் ஃப்ரீசியன்" என்பார். ஒலாந்தின் வடக்கே தனி மொழி பேசும் சின்னச் சனமாம் அது.

"நம்ம கத மாதிரிதான்," என்று சிரித்தார் நல்லையா. "எந்த ஊரு ஆளு, இந்தியாவா இலங்கையான்னு கேட்டா பாதி நாளு வெளக்கம் சொல்லணும்போல."

தேத்தண்ணிக் கடையில் வைத்து ஒருநாள் அவர் கதை சொல்ல, நிரஞ்சலா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தி அவர்கள் நாட்டில் ராட்போட் என்று ஒரு ராசா. பக்கத்துப் பெரிய நாட்டுக்காரர்கள் அவனை ராசா என்று எழுதவே மாட்டார்களாம். தளபதி என்றுதான் எழுதுவார்களாம்.

"தொரைமாருக்குக் கங்காணி, சனத்துக்கு ராசா. சரி, அப்பறம்?" என்றார் நல்லையா.

அந்த ராசா கிறிஸ்தவ வேதத்தில் சேரச் சம்மதித்தானாம். ஞானஸ்நானத் தொட்டிக்குள் ஒரு காலை வைத்துவிட்டு, செத்துப்போன என் முன்னோர் எல்லாம் எங்கே என்று சாமியாரைக் கேட்டானாம். நரகத்தில் என்றாராம் அவர். அப்படியென்றால் நான் என் சனத்தோடேயே இருந்துகொள்கிறேன் என்று காலை வெளியே எடுத்துவிட்டானாம். நடந்ததோ கட்டிவிட்டதோ, எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வார்கள் என்றார் வெள்ளைக்காரர்.

நல்லையா எழுந்து போய் ஆட்டோவைக் கிளப்பினார்.

பிறகு ரெங்கம்மா கெஞ்சிக் கெஞ்சி, போன தைமாதம் ஒருவழியாகச் சம்மதித்தார். ஜெபக்கூடத்துக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டி. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வலது காலைத் தண்ணீரில் வைத்தவர் அப்படியே நின்றார்.

"பாஸ்டர் தம்பி, ஒண்ணு கேக்கணும். எங்கம்மா, எந்தம்பி, அவன் புள்ளைங்க, அவங்கெல்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

கொஸ்லந்தவுக்கு மேலே அவர்கள் குடியிருந்த லயத்தின் மேல் ஒரு மழைக்காலத்துக் காலையில் மலை சரிந்து இறங்கியது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். நல்லையா அன்றைக்குச் சவாரியில் இருந்தார், ரெங்கம்மா கொழுந்து பறிக்கும் மலையில், நிரஞ்சலா பள்ளிக்கூடத்தில். மற்றவர்களைத் தோண்டி எடுக்க முடியவில்லை.

பாஸ்டர் புவனேந்திரன் நரகம் என்று சொல்லவில்லை. "அது கர்த்தருக்குத்தான் தெரியும்ணே," என்றார்.

"அப்ப தெரிஞ்சப்பறம் வர்றேன் தம்பி."

ஒரு பக்கம் நனைந்த வேட்டியோடு அவர் ரோட்டுக்கு நடந்துவிட்டார்.

இப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. புவனேந்திரன் குனிந்து உள்ளே வந்தார்.

"வாங்க பாஸ்டர். தண்ணி எடுத்து வச்சிருக்கேன். தெளிச்சு விட்டாப் போதும்."

"ரெங்கம்மாக்கா, நெனவு இல்லாத ஆளுக்கு நாங்க குடுக்கிறதில்ல. அவரு வாயால ஏத்துக்கணும்."

"அவருக்காக நான் ஏத்துக்கிறேன். காலையில பேரு போடுற பெரட்டுக் களத்துலருந்து கல்யாண வீடு வரைக்கும் அந்த மனுசனுக்கு நான்தானே வாயி?"

"இதுக்கு முடியாதுக்கா."

"முடியாதா, நீங்க மாட்டீங்களா?"

பாஸ்டர் கட்டிலருகே முழங்காலிட்டுச் சத்தமில்லாமல் ஜெபம் பண்ணினார். எழுந்து போய் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப ஒனக்குச் சந்தோசமா?"

"எனக்கு என்னம்மா சந்தோசம்."

"நான் கேட்டேண்டி. தொட்டியிலருந்து வந்த அன்னைக்கே கேட்டேன். அப்ப நான் செத்தா பரலோகத்துல ஒண்டியா இருக்கணுமான்னு."

இது நிரஞ்சலாவுக்குத் தெரியாது. "என்ன சொன்னாரு?"

"ஒனக்கு அங்க சபை ஆளுங்க நெறைய இருக்காங்க, மண்ணுக்குள்ள கெடக்குறவங்களுக்கு யாரு இருக்கான்னாரு."

நல்லையாவின் மூச்சு நின்றது. இருவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். மறுபடி வந்தது, வெகு தூரத்திலிருந்து வருவதுபோல.

ரெங்கம்மா எழுந்து மகள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள்.

"அம்மா, ஒங்க சபையில..."

"சும்மா இரு."

அவர் தலையைத் தன் மடிக்கு ஏற்றிக்கொண்டாள். கரண்டியை உதட்டில் வைத்தாள்.

"இந்தாங்க. ஒங்கம்மா குடுக்குறாங்க. குடிங்க."

பால் கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்தாள்.

"இது ஒங்க தம்பி. இது தம்பி சம்சாரம். அவ கையால திங்க மாட்டேன்னு ஒரு தரம் சண்ட போட்டீங்களே, அதெல்லாம் அவ மனசுல வச்சுக்க மாட்டா. இது பெரியவன். இது சின்னக் குட்டி, சிந்தாம வாங்கிக்கங்க."

மண்ணுக்குள் இருந்த ஒவ்வொருவர் பேரிலும் விட்டாள். பிறகு கரண்டியை நிரஞ்சலாவிடம் நீட்டினாள். நிரஞ்சலா விட்டாள். கரண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, தன் பேரில் விட ரெங்கம்மா அதை வாங்கவில்லை. கிண்ணத்தில் இன்னும் பால் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மூச்சுத்தான்.

நிரஞ்சலா ஒரு துணியைக் கிழித்து அவர் தாடையைக் கட்டினாள். வாசலில் பாஸ்டர் எழுந்து நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் பாத்திரங்களைப் போட்டுவிட்டு ஓடி வருவது கேட்டது. அவர்கள் வந்து சேர்ந்து ஒப்பாரி தொடங்குவதற்குள், மடியில் இருந்த தலையை இறக்காமலே ரெங்கம்மா கேட்டாள்.

"நிரஞ்சி, அந்த ராசாவுக்குப் பொஞ்சாதி இருந்துச்சா? அது எந்தப் பக்கம் போச்சு?"