பாடம் நடக்கும் சத்தம்

மூன்றாவது உதையில் குளியலறைத் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு விழுந்தது. உள்ளே தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் வாலு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். வயது ஒன்பது. ஓரிடத்தில் நிற்காமல் ஆட்டம் போட்ட காலத்தில் வந்த பெயர் அது. இப்போது பெயர் மட்டும்தான் மிச்சம். அப்பா அவள் தோளைப் பிடித்து இழுத்தான். குறுக்கே விழுந்த அம்மா அவன் கையைக் கடித்தாள். அவன் புறங்கையால் விட்ட அறையில் அவள் உதடு கிழிந்து, மடித்து வைத்திருந்த பள்ளிச் சீருடையில் ரத்தம் தெறித்தது. பிள்ளையின் படிப்பைப் பற்றி ஒரு வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை இது.

வாலு பள்ளிக்கூடம் போய்ப் பத்து நாளாகிறது. இடது கைச் சுண்டுவிரலில் மாவுக்கட்டு. எலும்பை முறித்தது வேறு யாருமில்லை, மாடியில் குடியிருக்கும் சொந்த அத்தை. அவள்தான் வகுப்பு டீச்சர். கணக்கில் தப்புச் செய்தால் மற்ற பிள்ளைகளுக்கு ஒரு அடி, வாலுவுக்கு மூன்று. தம்பி மகளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒருத்தர் வாயில் விழுந்துவிடக் கூடாதாம். நேர்மையான பெண்மணி. அந்த நேர்மை டீச்சருடையது, முறிந்த விரல் வாலுவுடையது.

அப்பா பட்டறையில் தகர வேலை பார்ப்பவன். இடிபட்டு வரும் கார்களின் நெளிவைச் சுத்தியலால் தட்டி எடுப்பது தொழில். தாயில்லாத வீட்டில் அவனை வளர்த்தது அந்த அக்காதான். அடித்துத்தான் வளர்த்தாள். அவன் பின்மண்டையில் முடி முளைக்காத ஒரு கோடு உண்டு. அதைத் தடவிக் காட்டி, அன்றைக்கு அக்கா மட்டும் அந்த அடி அடிக்காமல் இருந்திருந்தால் நான் உருப்பட்டிருக்கவே மாட்டேன் என்று பட்டறையில் பெருமை பேசுவான். அடி வாங்கியவனே அடிக்கு வக்காலத்து வாங்கினால் யாரிடம் போய் முறையிடுவது?

அம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பத்தாவது வரை படித்தவள். வீட்டிலேயே தலையணை தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள்.

"என்னைக் கொன்னு போட்டாலும் இவள அங்க அனுப்ப மாட்டேன். நானே வீட்டுல வெச்சுச் சொல்லிக்குடுக்கிறேன்."

அவன் சிரித்தான். பஞ்சு அடைக்கிறவள் பாடம் நடத்தப் போகிறாளா என்று கேட்டான். பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்பதால் கைகலப்பு அத்தோடு நின்றது. வாசலில் செருப்பை மாட்டும்போது தீர்ப்பைச் சொன்னான்.

"சாயங்காலம் வருவேன். ஏழாம் வாய்ப்பாடு தட்டுத் தடங்கல் இல்லாம வரணும். வரலேன்னா நாளைக்கு அக்கா கையில நானே கொண்டுபோய் விடுவேன். நீ குறுக்க வந்தா உன் கையும் இருக்காது."

அவன் சொன்னால் செய்கிறவன். அம்மாவுக்கு இருந்தது எட்டு மணி நேரம்.

ஆனால் வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவளுக்கு எவர் சொல்லிக்கொடுத்தார்கள்? அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடம், தான் படித்தது. அதையே அப்படியே கொண்டுவந்து வீட்டில் வைத்தாள். வாலுவுக்கு இறுக்கிச் சடை பின்னி, ரத்தக்கறை அலசிய ஈரச் சீருடையை மாட்டிவிட்டாள். தையல் மெஷினுக்கு எதிரே கை கட்டி உட்கார வைத்தாள். தட்டைக் கரண்டியால் தட்டி மணி அடித்தாள். தண்ணீர் குடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும் என்றாள். துணி அளக்கும் மர ஸ்கேல் எப்படியோ அவள் கைக்கு வந்திருந்தது. அடிப்பதற்கு எடுக்கவில்லை, டீச்சர் என்றால் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்றுதான் எடுத்தாள்.

மத்தியானத்துக்குள் வாய்ப்பாடு பாதி வந்தது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்றது. கடிகாரம் மட்டும் ஓடியது. அம்மாவின் கண் பாதி நேரம் கடிகாரத்திலும் பாதி நேரம் தாழ்ப்பாள் பிய்ந்த குளியலறைக் கதவிலும் இருந்தது. பயந்தவள் கேட்கும் கேள்விக்குப் பயந்த பிள்ளை என்ன பதில் சொல்லும்? ஏழெட்டு எவ்வளவு என்றதற்கு ஐம்பத்துநாலு என்று நாலு முறை வந்துவிட்டது. ஐந்தாவது முறை அவள் கத்தினாள்.

"ஏழெட்டு?"

"அம்பத்திநாலு."

ஸ்கேல் இறங்கியது. வலது உள்ளங்கையில் பட்டுச் சுரீரென்று சத்தம் எழுந்தது. வாலு அழவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கண்ணை இறுக மூடி, சிவந்த அதே கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"இன்னும் ரெண்டு இருக்கும்மா. இதுலயே போடு. அந்தக் கையில கட்டு இருக்கு."

அம்மா ஸ்கேலைக் கீழே போட்டாள். அத்தையிடமிருந்து காப்பாற்றி யாரிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம் என்று நினைத்தாள். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நிமிர்ந்தபோது நிலைப்படியில் அவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். எல்லாம் முடிந்தது என்று அவள் மகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அவனோ எட்டிப் பிள்ளையின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவன் முகம் தளர்ந்தது.

"இப்பதான் பாடம் நடக்குற வீடு மாதிரி இருக்கு," என்றான். "இப்படின்னா சரி. இங்கயே படிக்கட்டும்."

கை கால் கழுவிக்கொண்டு, அக்காவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனான். வாய்ப்பாட்டை அவன் கேட்கவே இல்லை.

அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது படிப்பு இல்லை, அடி விழும் சத்தம் என்பது அம்மாவுக்கு அப்போது விளங்கியது. ஆத்திரமாக வந்தது. மகளின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அம்மா செய்தது தப்பு, இனி இந்தக் கையில் யார் அடியும் விழாது என்றாள். வாலு தலையாட்டினாள். நம்பவில்லை. நம்புவதற்கு அவளிடம் என்ன ஆதாரம் இருந்தது?

மறுநாள் காலை அம்மா சீருடையை எடுக்கவில்லை. ஸ்கேலை மட்டும் எடுத்தாள். பஞ்சுத் தலையணையில் ஓங்கி அடித்துப் பார்த்தாள். பொத்தென்று எடுபடாமல் போனது. மெத்தையில் அடித்தாள், தூசி பறந்தது. கடைசியில் நாற்காலியின் ரெக்சின் மெத்தை அசல் உள்ளங்கை மாதிரியே சுரீரென்றது. வாலு களுக்கென்று சிரித்துவிட்டுப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தால் காரியம் கெட்டுவிடும், அழ வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். பிறகு எட்டுத் தலையணை உறைகளைத் தரையில் விரித்து, உறைக்கு ஏழு பொத்தான் வீதம் வாலுவையே வைக்கச் சொன்னாள். எண்ணி முடித்து ஐம்பத்தாறு என்றாள் வாலு. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே இன்னொரு தடவை சொன்னாள்.

சாயங்காலம் அப்பா வரும் நேரம் பார்த்து நாற்காலிக்கு நாலு அடி விழும். "வலிக்குதும்மா" என்று அலறிக்கொண்டே வாலு அடுத்த கணக்கை எழுதுவாள். வாசலில் நின்று கேட்கும் அவன் திருப்தியாகத் தலையை ஆட்டுவான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அவனுடைய இரண்டு கைகளும் தானாகப் போய் அக்குளில் ஒளிந்துகொள்ளும். அது அவனுக்கே தெரியாது. அத்தை ஒருநாள் படியில் நின்று கேட்டுவிட்டு, கையில் வேகம் போதாது, போகப் போகப் பழகிவிடும் என்று சான்றிதழ் கொடுத்துப் போனாள்.

சுவரோடு சுவர் ஒட்டிய தெரு அது. மூன்றாம் வாரம், எதிர்வீட்டுச் சலவைக்கடைக்காரி தன் மகளைத் தலைமயிரைப் பற்றி இழுத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்து அடி இதற்கு உறைக்கவே மாட்டேனென்கிறது, உங்கள் வீட்டுச் சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்கிறது, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். ஒரு பிரம்பும் கொண்டுவந்திருந்தாள்.

"கண்ணு ரெண்ட மட்டும் விட்டுடுங்க அக்கா. மத்த எடத்துல தோல உரிச்சாலும் ஏன்னு கேக்க மாட்டேன்."

அம்மா பிரம்பை வாங்கிக்கொண்டாள். பெண்ணை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தெருப் பக்கத்து ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள். அந்தப் பெண் அதற்குள் சுவரோரம் போய், யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இஸ்திரிப் பெட்டி இழுத்த தழும்பு இருந்தது. அம்மா பிரம்பை ஓங்கி நாற்காலியில் அடித்தாள். அந்தப் பெண் உடம்பு தூக்கிப் போட்டது; வாயைத் திறக்கவில்லை.

வாலு கிட்டே போய், நீட்டிய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். ஏன் அழவில்லை என்று கேட்டாள்.

"அழுதா இன்னும் அடிப்பாங்க," என்றாள் அந்தப் பெண்.

"இங்க அழணும்," என்றாள் வாலு. "முதல் பாடமே அதுதான்."