கட்டாத கயிறு

சாயங்காலம் காற்று எழுந்ததும் பல் டாக்டரின் மனைவி டிவியை அணைத்துவிட்டு, பால்கனிக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைப்பாள். டிங். கொஞ்சம் இடைவெளி. டிங், டிங். வந்துவிட்டார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள்.

அவள் குடியிருந்த கட்டடம் ஒரு காலத்தில் மூட்டை அடுக்கிய துறைமுகக் கிடங்கு. இப்போது யானை விலைக்கு வீடுகள். மூட்டை தூக்கிய இரும்புக் கொக்கியைக்கூட விடாமல் பாலிஷ் போட்டு, அதற்கும் ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். கீழே, வீட்டுக்கு ஒன்றாகப் பாய்மரப் படகுகள். முக்கால்வாசிப் படகுகள் வருஷத்தில் இரண்டு தடவை நகர்ந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் அதில் உட்கார்ந்து குடிப்பதற்குப் பெயர் கடல் வாழ்க்கை.

டாக்டர் அந்த ரகமில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கடலிலேதான் கிடப்பார். அவரிடம் ஒரே ஒரு குறை. கரைக்கு வந்ததும், பாய் ஏற்றுகிற கயிற்றைப் பாய்மரத்தில் மோதாதபடி பக்கவாட்டில் இழுத்துக் கட்டிவிட வேண்டும். படகு வைத்திருப்பவர்களுக்கு அது பால பாடம். கட்டாவிட்டால் காற்றடிக்கும்போதெல்லாம் கயிறு அலுமினியப் பாய்மரத்தில் மோதி மோதி ஊரையே எழுப்பிவிடும். டாக்டர் ஒருநாளும் கட்டியதில்லை.

"ஏங்க, கயித்தைக் கட்டிட்டு வாங்களேன்!" என்று அவள் பால்கனியிலிருந்து கத்துவாள்.

"காலைல கட்டிக்கலாம்!" என்று கையை ஆட்டிக்கொண்டே அவர் மேலே வந்துவிடுவார். அந்தக் காலை வந்ததே இல்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படகு மட்டும் வந்தது. கடலில் ஆளில்லாமல் மிதந்ததை யாரோ இழுத்து வந்தார்கள். அவர் உடல் கிடைக்கவேயில்லை. படகைப் பார்க்கப் பார்க்க மகளுக்குப் பொறுக்கவில்லை. வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டாள். வீட்டுக்கு நேர் கீழே அது நின்ற இடம் வெறும் தண்ணீராகக் கிடந்தது.

அந்த வெறும் தண்ணீரிலிருந்துதான் சத்தம் வந்தது.

முதல் நாள் டாக்டரின் மனைவி பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். போகப் போக, அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் பிடிக்காது என்றாகிவிட்டது. மகளிடம் ஒரே ஒரு தடவை வாய்விட்டாள். "பக்கத்து போட்டா இருக்கும்மா" என்றாள் மகள். மறு வாரமே, தனியா இருந்தா இப்படித்தான், வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடு என்று ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? வீடு போனால் சத்தமும் போகும். சத்தம் போனால் அவர் இரண்டாவது தடவை சாவார்.

அப்படியும் ஒரு மத்தியானம் மகள் வீடு பார்க்க ஆட்களைக் கூட்டி வந்தாள். சின்ன வயசுத் தம்பதி. அந்தப் பெண்ணின் தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் கூரை உத்தரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது காற்று எழுந்தது.

டிங். டிங், டிங்.

குழந்தை தூக்கிவாரிப் போட்டு வீறிட்டது.

"எந்த போட் ஆன்ட்டி இது? கயித்தைக் கட்ட மாட்டாங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"உனக்குக் கேட்குதா?"

"நல்லாவே கேட்குதே. நேரா கீழேயிருந்துதான்."

மகளின் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரின் மனைவிக்கோ அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தனக்குப் பைத்தியமில்லை. அவர் இருக்கிறார்.

"எங்க வீட்டுக்காரர்தான்மா. எத்தனை சொன்னாலும் உறைக்காது." சொல்லும்போதே பெருமை தாங்கவில்லை.

குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுதது. அவள் பழைய பழக்கத்தில் கதவை விரியத் திறந்து, கம்பியைப் பிடித்துக் குனிந்து கத்தினாள்:

"ஏங்க! கயித்தைக் கட்டித் தொலைங்களேன்! பச்சைக் குழந்தை அழுவுது!"

சத்தம் நின்றது.

காற்று நிற்கவில்லை. மற்ற படகுகளின் கொடிகள் படபடத்துக்கொண்டுதான் இருந்தன. கீழே அந்த வெறும் தண்ணீர் மட்டும் ஒரு தரம் தளும்பியது, யாரோ படகிலிருந்து கரைக்குக் கால் எடுத்து வைத்தது போல.

தம்பதி சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்கள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "எனக்கும் கேட்டுச்சும்மா. முதல்ல இருந்தே கேட்டுச்சு. பயமா இருந்துச்சு, அதான் சொல்லல. வீட்டை விக்க வேண்டாம். நீ இங்கேயே இரு."

அன்று சாயங்காலம் டாக்டரின் மனைவி கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தாள். பிறகு ஒரு சாண். பிறகு முழுக்க. காற்று உள்ளே வந்து திரைச்சீலையை அள்ளியது. சத்தம் மட்டும் வரவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். குடித்தனம் நடத்திய காலமெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்ட மனுஷன், இப்போது போய் அவள் பேச்சைக் கேட்டுவிட்டார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறும் தண்ணீரைப் பார்த்துக் குனிந்தாள். இந்தத் தடவை கத்தவில்லை.

"ஏங்க, குழந்தை வீட்டுக்குப் போயிடுச்சு" என்றாள். "கயித்தை அவுத்து விட்டுடுங்க."