இணைப்பு 3: கதவில்லாத காப்பகம்

‘அலுவலகத்துக்குள் குழந்தைகளை அழைத்து வரக்கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.’

இந்த அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்த கதவு நகராட்சியின் குழந்தைகள் நலப் பிரிவுடையது. தட்டச்சு செய்த புண்ணியவதி நான். செய்துகொண்டிருந்தபோது என் மூன்றரை வயது மகள் மேசைக்கடியில் உட்கார்ந்து என் செருப்பு வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

நான் தற்காலிகத் தட்டச்சர். வருடத்துக்கு ஒருமுறை பெரிய மனசு பண்ணி வேலையை நீட்டிப்பார்கள். மகளின் அப்பா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார், அதில் மூன்று நாள் தூங்குவார். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா முதுகுவலி வந்து கையை விரித்துவிட்டார். தனியார் காப்பகத்தில் மாதக் கட்டணத்தைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் சம்பளத்தைச் சொன்னதும் அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. நல்லபடியாகச் சிரித்துப் பிரிந்தோம்.

மேலாளர் ஒருநாள் மேசைக்கடியில் இருந்த சின்னக் காலைப் பார்த்துவிட்டார்.

“இன்னொரு தடவை பார்த்தேன்னா, அடுத்த நீட்டிப்புல உங்க பேர் இருக்காதும்மா. எனக்கும் பிள்ளைங்க இருக்கு, உங்க கஷ்டம் புரியுது. ஆனா என் பிள்ளைங்க பாருங்க, சமத்தா வீட்லயே இருக்கு.”

வீட்டில் அவர் மனைவியும் இருக்கிறார் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. நீட்டிப்புக்கு ஐந்து மாதம்தான் இருந்தது.

அதற்குள் எனக்கு ஒரே வழிதான் இருந்தது. அதுவும் என் மேசையிலேயே கிடந்தது. அலுவலக வளாகத்தில் தனியாக நின்ற பழைய கோப்பறையைக் குறைந்த கட்டணத்தில் குழந்தைகள் காப்பகமாக மாற்றும் திட்டம். இருபது குழந்தைகளுக்கு இடம். இந்த வருடம் வந்த விண்ணப்பம் முந்நூற்றுப் பன்னிரண்டு. என் மகள் பத்தொன்பதாவது. இருபதாவது எண் ஒரு தையல்காரியின் கைக்குழந்தை. திங்கட்கிழமை தவறாமல் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னலோரம் வந்து நிற்பாள். “எப்பக்கா தொறப்பாங்க?” என்பாள். “கோப்பு நகர்ந்துக்கிட்டிருக்கும்மா” என்பேன். மூன்று வருடமாக நகர்கிற கோப்பு. தவழ்ந்திருந்தால்கூட இந்நேரம் ஊரைச் சுற்றி வந்திருக்கும்.

அன்று மேலாளர் தலைதெறிக்க ஓடிவந்தார். நாலு மணிக்குள் கோப்பு மேலே போயாக வேண்டுமாம். எல்லாம் தயார். ‘இணைப்பு 3: கட்டட வரைபடம்’ என்று தலைப்பு மட்டும் அடித்த தாள் காலியாக இருந்தது. பொறியாளர் வரைபடத்தை இதோ தருகிறேன், அதோ தருகிறேன் என்று இரண்டு மாதம் ஓட்டியிருந்தார். அந்தத் தலைப்பை முதலில் கோணலாக அடித்துவிட்டு வேறு தாளில் அடித்திருந்தேன். கோணல் தாள் மேசைக்கடியில் ஒளிந்திருந்த மகளிடம் போயிருந்தது. வீணான தாளெல்லாம் அங்கேதான் போகும்.

அவசரத்தில் எந்தத் தாள் எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை. கோப்பைக் கட்டி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மகள், “என் படம் எங்கம்மா?” என்று கேட்டாள். “எங்கயாவது இருக்கும்டி” என்றேன்.

பதினோராம் நாள் கோப்பு திரும்பி வந்தது. திறந்தேன்.

இணைப்பு 3. கோணல் தலைப்புக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சதுர வீடு. ஒன்பது சன்னல். மேலே சூரியன். பக்கத்தில் நாலு கால் பிராணி ஒன்று, பூனையாகவும் இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம். வீட்டுக்குள்ளே துடைப்பம் மாதிரித் தலைமுடியோடு ஒரு பெண். அது நான். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டிப் பெண்.

ஓரத்தில் குறிப்புகள். பொறியாளர்: ‘காற்றோட்டம் திருப்திகரம். பரிந்துரைக்கப்படுகிறது.’ சுகாதார அலுவலர்: ‘இயற்கை வெளிச்சம் போதுமானது. கால்நடைகளை அப்புறப்படுத்த வேண்டும்.’ கணக்கு அலுவலர்: ‘எளிமையான வடிவமைப்பு. செலவு குறையும்.’ சட்டப் பிரிவு: ‘ஆட்சேபம் இல்லை.’ மேலாளரோடு சேர்த்து இன்னும் இரண்டு பேர் வெறும் கையெழுத்து. கடைசியில் ஆணையர், பச்சை மையில்: ‘வரைபடத்தில் உள்ளபடியே செய்க.’

மொத்தம் ஏழு பேர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்கள் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவர்கள்.

சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால், உன் பிள்ளை எப்படி அலுவலகத்துக்குள் வந்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். வாயை மூடிக்கொண்டேன். வேலை நடக்கும்போது பொறியாளர் வராமலா போவார், வந்து பார்த்தால் தெரியாமலா போகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு வருடம் அங்கே வேலை பார்த்தும் எனக்கு அந்த நம்பிக்கை இருந்தது பாருங்கள், என்னைத்தான் சொல்ல வேண்டும்.

மேஸ்திரி நகலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். “என்னம்மா, இதுல கதவே காணோம்?”

“பொறியாளரைக் கேளுங்க.”

“கேட்டேன். கையெழுத்துப் போட்ட பிளான்ல கை வைக்காதேங்கிறாரு. இருக்கிற கதவை என்ன பண்றது?”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“தோணக் கூடாதும்மா. போன தடவை எனக்கா தோணி ஒரு படி கூடுதலா வச்சேன். பிளான்ல இல்லைன்னு பில்லை நிறுத்திட்டாங்க.” அவர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இருந்த ஒரே கதவையும் பெயர்த்துச் செங்கல் வைத்துப் பூசினார். ஒன்பது சன்னல் வைத்தார், ஒன்றுகூடக் குறையாமல். நேர்மையான மனிதர்.

திறப்பு விழா அன்று ஆணையர் கத்தரிக்கோலோடு கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்னால் மேலாளர், பொறியாளர், கைதட்ட வந்தவர்கள். இரண்டாவது சுற்றில் அவர் நடை வேகமானது. மூன்றாவது சுற்றில் கைதட்ட வந்தவர்கள் நழுவிவிட்டார்கள். தையல்காரி மட்டும் குழந்தைக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து, பூசிய சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆணையர் நேராக எங்கள் பிரிவுக்கு வந்தார். கோப்பை வாங்கி இணைப்பு மூன்றைப் பிரித்தார். அன்றுதான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறார் என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

“யார் வரைஞ்சது இது?”

“வெளியூர் நிபுணர் ஒருத்தர், ஐயா” என்றார் பொறியாளர், கூசாமல்.

மேசைக்கடியிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. “ஐ, என் படம்!”

நீட்டிப்பு, சம்பளம், வீட்டு வாடகை எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தது. மேலாளர் என்னைப் பார்த்த பார்வையில் நடவடிக்கை தொடங்கியே விட்டது.

ஆணையர் குனிந்தார். “நீயா வரைஞ்சே? கதவு எங்கே பாப்பா?”

“கதவு வேணாம்.”

“ஏன்?”

“கதவு இருந்தா அம்மா வேலைக்குப் போயிடுவாங்கல்ல.”

இரண்டு மாதமாக என் காலடியில்தான் உட்கார்ந்திருந்தாள். அப்போதும் அந்தப் பயம் அவளை விடவில்லை.

மேலாளர் முந்திக்கொண்டார். “ஐயா, விதியை மீறிக் குழந்தையைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. இன்னைக்கே நோட்டீஸ்…”

“நோட்டீஸ்ல என்ன காரணம் எழுதுவீங்க?” என்றார் ஆணையர். “குழந்தை வந்துச்சு, படம் வரைஞ்சுச்சு, நாம ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம்னா?”

மேலாளர் உட்கார்ந்துவிட்டார்.

அரைமணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள். அவர்களுக்கு மட்டும் கதவு இருந்தது. முடிவைப் பொறியாளர் வந்து சொன்னார். புது வரைபடம் வைத்தால், பழையது என்ன ஆயிற்று என்று தணிக்கையில் கேட்பார்களாம். அதனால் அதே வரைபடத்தை அதே கையால் வரைந்து, ஒரு கதவு மட்டும் கூடுதலாகப் போட்டு, ‘திருத்திய இணைப்பு 3’ என்று வைத்துவிடலாமாம்.

“பாப்பாகிட்ட சொல்லி ஒரு கதவு மட்டும் வாங்கிக் குடுங்கம்மா. நீங்க வாயைத் தொறக்காம இருந்தா நீட்டிப்புக்கு நான் பொறுப்பு. கதவு வந்தா அடுத்த மாசமே காப்பகம் தொறந்துடலாம்.”

மூன்று வருடமாக ஏழு படித்த மனிதர்களால் ஆகாத காரியம். இப்போது ஆரஞ்சு நிறக் குச்சி ஒன்றை நம்பி நின்றது.

மகள் வீட்டை வரைந்தாள். ஒன்பது சன்னல் வைத்தாள். பிராணியையும் மறக்கவில்லை. உள்ளே என்னையும் தன்னையும் கைகோத்து நிறுத்தினாள்.

“ஒரு கதவு போடுடா செல்லம்.”

“போட்டா நீ போயிடுவ.”

போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பொய்யைத் தட்டச்சு செய்துதான் சம்பளம் வாங்குகிறேன். விரல் நடுங்கியதே இல்லை. ஆனால் இந்தப் பொய்யை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல நாக்கு எழவில்லை. சன்னலுக்கு வெளியே தையல்காரி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். புதுச்சட்டைக் குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டது.

“போவேன்” என்றேன். “சாயங்காலம் வந்துடுவேன்.”

அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். நான்தான் அதை எடுத்து, வீட்டுக்கு நடுவில் ஒரு கதவு போட்டேன். கோடு கோணலாகத்தான் வந்தது.

அவள் அந்தக் கதவை ரொம்ப நேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் கையிலிருந்து குச்சியை வாங்கினாள். வீட்டுக்குள் இருந்த துடைப்பத் தலைக்காரியின்மேல் அழுத்தி அழுத்திக் கிறுக்கி அடித்தாள். பிறகு கதவுக்கு வெளியே, தாளின் ஓரத்துக்குப் போய், அதே துடைப்பத் தலையோடு என்னை மறுபடி வரைந்தாள். உள்ளே குட்டிப் பெண் தனியாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“இந்தா” என்று நீட்டினாள்.

அதைத்தான் கோப்பில் வைத்தேன். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கிறுக்கல் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை.